ஊருக்குப் பேச ஐம்பது திர்ஹாம்

2018-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், ஐக்கிய அரபு அமீரகத்தின் மூத்த தொலைபேசி ஸ்தாபனமாகிய எதிசலாத், கைப்பேசி வைத்திருப்போர் மாதத்துக்கு 50 திர்ஹாமும் வீட்டில் இணைய இணைப்பு வைத்திருப்போர் 100 திர்ஹாமும் கூடுதலாகச் செலுத்தினால், போட்டிம், ஸீ-மீ என்னும் இரண்டு செயலிகளின் மூலம் வெளிதேசங்களுக்கு மனம் கொண்ட மட்டும் பேசலாம், முகம் பார்த்தும் பேசலாம் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்த சமயத்தில் அங்கே ஸ்கைப் வேலை செய்வது நின்று சில நாட்களே ஆகியிருந்தன. வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், படம் போகும், பதிவு செய்த குரல்கூடப் போகும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ள மட்டும் வழி கிடையாது என்ற நிலை அதற்கும் வெகு முன்பிருந்தே நிலவிவந்தது. சென்னையிலும் கொழும்பிலும் இணையக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிப்போகிற ஒரு காரியத்துக்கு, துபாயிலும் ஷார்ஜாவிலும் தனியாக மாதச் சந்தா விதிக்கப்பட்டது. மாதம் ஆயிரம் திர்ஹாம் சம்பளத்துக்குக் கட்டட வேலை பார்க்கிற ஒருவருக்கு அந்த 50 திர்ஹாம், சம்பளத்தில் இருபதில் ஒரு பங்கு.

இந்த 50 திர்ஹாமின் பூர்வோத்தரத்தை அறிய, அமீரகம் என்ற தேசம் உருவாகிச் சில வருஷங்களே ஆகியிருந்த காலத்துக்குப் போக வேண்டும். 1976-இல், இன்டர்நேஷனல் ஏரேடியோ என்ற பிரிட்டிஷ் கம்பெனியும் உள்ளூர்ப் பங்குதாரர்களும் சேர்ந்த கூட்டு ஸ்தாபனமாக எதிசலாத் பிறந்தது. 1983-இல் அதன் அமைப்பு மாறி, நூற்றுக்கு அறுபது பங்கு மத்திய அரசாங்கத்துக்கும் மிச்சம் நாற்பது பொதுமக்களுக்கும் என்றாயிற்று. 1991-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், கம்பி வழியாகவும் கம்பியின்றியும் செய்தி அனுப்பும் உரிமையை அதன் கையில் ஒப்படைத்தது. நெடுங்காலம் அந்த ஸ்தாபனத்தின் நிகர லாபத்தில் பாதி, ராஜபாகமாக அரசாங்கக் கஜானாவுக்குப் போயிற்று. பிற்பாடு அந்தக் கணக்கு மாற்றப்பட்டு, 2017 முதல் 2021 வரை உள்நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 15-உம் லாபத்தில் நூற்றுக்கு 30-உம் என்று வகுக்கப்பட்டது. தனிமனிதரின் சம்பளத்துக்கு வருமான வரி இல்லாத தேசம் அது என்பதையும், அங்கே வாழ்வோரில் பத்தில் ஒன்பது பேருக்குச் சமீபமானவர்கள் வேறு தேசத்துப் பிரஜைகள் என்பதையும் சேர்த்து நோக்கினால், தொலைபேசிக் கட்டணம் அங்கே வரியின் வேலையையும் ஓரளவு செய்துவந்தது என்பது விளங்கும். சம்பளத்தின்மேல் வரி விழவில்லை. சம்பளம் வாங்குகிறவர் வீட்டுக்குப் பேசும்போது விழுந்தது.

தொலைபேசியின் கிராக்கியைப் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அரிசிக்கும் துணிக்கும் உள்ள கிராக்கியைப்போல் அதை எளிதில் கணக்கிட முடியவில்லை என்பதுதான் அவர்களை அதில் ஈர்த்தது. இணைப்பு வேண்டும் என்ற ஆசை ஒன்று, பேச வேண்டும் என்ற ஆசை மற்றொன்று. இணைப்பு வாங்குகிறவர் உண்மையில் பேசும் வாய்ப்பை வாங்குகிறார். அதோடு, ஒருவருடைய இணைப்பின் மதிப்பு வேறு எத்தனை பேரிடம் இணைப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1974-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ரோல்ஃப்ஸ் இந்த உண்மையைக் கணித ரூபமாக எழுதினார். நம் தமிழ்நாட்டுக் குடும்பங்களோ அதை அநுபவத்தில் அறிந்திருந்தன. அபுதாபியில் ஒருவர் எவ்வளவு சம்பாதித்தாலும், கீழக்கரையிலோ கூத்தாநல்லூரிலோ லால்பேட்டையிலோ அவர் வீட்டில் தொலைபேசி இல்லையென்றால் அவர் கையிலுள்ள கருவியால் வீட்டாரோடு பேசப் பிரயோஜனம் இல்லை. தொலைபேசிக்கு மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த அந்தக் காலத்தில், தெருவில் யாரோ ஒருவர் வீட்டில் மட்டும் மணி அடிக்கும், விலாசச் சீட்டுகளிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் "பி.பி." என்று எழுதி அந்த அண்டை வீட்டு எண்ணைக் குறிப்பார்கள்.

அந்த பி.பி. எண்ணுக்கு வரும் அழைப்பின் நடைமுறையைச் சற்றே அருகிலிருந்து பார்ப்பது நல்லது. வளைகுடாவிலிருக்கும் மனிதர், தொழிலாளர் குடியிருப்பின் வாசலிலுள்ள கார்டு போனில் வரிசையில் நின்று, தம் முறை வந்ததும் எண்ணைச் சுழற்றி, "அஞ்சு நிமிஷத்திலே மறுபடியும் போடுறேன், அதுக்குள்ளே வீட்டிலே சொல்லிக் கூப்பிட்டு வைங்க" என்று சொல்லி வைத்துவிடுவார். அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு பையன் ஓடிப்போய்ச் செய்தி சொல்ல, தலைமுக்காட்டைச் சரிசெய்தபடி மனைவியும், அவள் பின்னால் மாமியாரும் வந்து, அந்நிய வீட்டுக் கூடத்தில் நாலு பேர் கேட்க நிற்பார்கள். இரண்டாம் முறை மணி அடித்ததும், "பணம் வந்துச்சா? உடம்புக்கு எப்படி? அம்மாகிட்ட குடு" என்று மூன்று வாக்கியத்தில் முக்கியமான விஷயங்கள் முடிந்துவிடும். கார்டில் மிச்சம் இருக்கும் தொகை திரையில் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்தபடி பேசுகிற மனிதரால் வேறெப்படிப் பேச முடியும்? சொல்ல வேண்டியதை எல்லாம் ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவதும் உண்டு. ஒரு மணி அடித்து நின்றால் நலம், இரண்டு மணி அடித்தால் பணம் அனுப்பியாயிற்று என்று சங்கேதம் வைத்துக்கொண்டு, காசு செலவாகாத "மிஸ்டு கால்" ஒன்றையே ஒரு பாஷையாக்கிவிட்ட குடும்பங்களும் உண்டு. இவையெல்லாம் சிக்கனத்தின் அடையாளங்கள் மட்டும் என்று கொள்வது தவறு. விலை ஏறினால் கிராக்கி எங்கே சுருங்குகிறது என்பதைக் காட்டுகிற நேரடிச் சாட்சியங்கள். நிமிஷங்கள் குறைந்தன, அழைப்பு அற்றுப்போகவில்லை.

இரவிலும் விடுமுறை நாட்களிலும் கட்டணத்தைக் குறைப்பது தொலைபேசி ஸ்தாபனங்களின் பழைய வழக்கம். பகலில் வியாபாரிகளின் அழைப்புகளால் நிரம்பி வழியும் கம்பிகள் இரவில் சும்மா கிடப்பதால், அந்த நேரத்துக்கு விலை குறைப்பது நியாயமே. ஆனால் துபாயில் இரவு 9 மணி என்றால் ராமநாதபுரத்தில் 10.30, சலுகை விலைக்குக் காத்திருந்த தகப்பன்மார்கள் எத்தனையோ பேர் தூங்கிவிட்ட பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கத்தான் முடிந்தது.

1927-இல் ஃபிராங்க் ராம்ஸே என்ற இங்கிலாந்து இளைஞர் வரிவிதிப்பைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையே, தொலைபேசி, மின்சாரம் போன்ற துறைகளில் விலை நிர்ணயிப்போருக்குப் பிற்காலத்தில் வழிகாட்டியாயிற்று. அதன் சாரம் இது: அசல் செலவுக்கு மேல் ஒரு தொகையைத் திரட்டியாக வேண்டுமானால், விலை ஏறினாலும் வாங்குவதை விடமாட்டாத பொருளின்மேல் அதிகமாகவும், விலை ஏறியதும் கைவிடப்படும் பொருளின்மேல் குறைவாகவும் ஏற்றினால், ஜனங்களின் நடத்தையில் ஏற்படும் மாறுதல் மிகச் சொற்பமாயிருக்கும். சூத்திரம் என்ற அளவில் இதில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் ராம்ஸேயின் கணக்கில் ஒரு திர்ஹாம் யார் பையிலிருந்து வந்தாலும் ஒரே மதிப்புத்தான். மனைவி மக்களை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற மனிதர், விலை எவ்வளவானாலும் வாரம் ஒருமுறையாவது பேசத்தான் பேசுவார். ஆகவே சூத்திரம் அவர்மேல்தான் அதிகச் சுமையை ஏற்றச் சொல்லும். வேறு வழியில்லாமையைச் சூத்திரம் விருப்பத்தின் உறுதி என்று படித்துவிடுகிறது. விலையை நிர்ணயிக்க ஓர் ஒழுங்குமுறை ஆணையம் எதற்காக வேண்டும் என்று என்னைக் கேட்டால், இந்தத் தவறான வாசிப்பைத் தடுப்பதற்காக என்பதையே முதற்காரணமாகச் சொல்வேன்.

அமீரகத்தில் அத்தகைய ஆணையம் 2003-ஆம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் தோன்றியது. அதன் பயனாக "டூ" என்னும் இரண்டாவது ஸ்தாபனம் உரிமம் பெற்று 2007-இல் கைப்பேசிச் சேவையைத் தொடங்கி, பேசிய விநாடிக்கு விநாடி கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தது. அரை நிமிஷம் பேசி முடிக்கப் பழகியிருந்த தொழிலாளருக்கு அது பெரிய அனுகூலம். 2013 டிசம்பர் இறுதியில், எண்ணை மாற்றாமலேயே ஸ்தாபனத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும் வந்தது. எனினும் இரண்டு ஸ்தாபனங்களிலும் பெரும்பங்கு அரசு சார்ந்த கைகளிலேயே இருந்தது. ராஜபாகம் வாங்குவதும் அரசாங்கமே, ஆணையத்தை நியமிப்பதும் அரசாங்கமே. அந்த இரண்டு ஸ்தாபனங்களுக்கும் இடையே நிமிஷத்தின் விலையில் போட்டி ஏற்பட்டதுண்டு. நிமிஷத்தை விலையற்றதாக்கிவிடக்கூடிய மூன்றாவது ஆள் ஒருவர் இணையத்தின் வழியாக உள்ளே வரும்போது, அவ்விருவருடைய நலனும் ஒன்றாகிவிட்டது.

இணையக் குரல் சேவையை உரிமம் பெற்றவர் மட்டுமே நடத்தலாம் என்ற விதியை அந்த ஆணையம் வகுத்தது. அதை மீறி, மறைவழி இணைப்பாகிய வி.பி.என்.னைக் கொண்டு குற்றம் புரிவோருக்கு, 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி அபராதம் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் திர்ஹாம் வரை. பெரும் மோசடிக்காரர்களை உத்தேசித்து எழுதப்பட்ட தொகையாகத்தான் அது தோன்றுகிறது. ஆயினும் அதைக் கேள்விப்பட்ட ஒரு சாதாரணத் தொழிலாளி, வீட்டுக்குப் பேசும் ஆசையையும் அந்தத் தொகையையும் மனத்துக்குள் எடை போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. 2020-இல் பெருந்தொற்று வந்து பள்ளிகளும் அலுவலகங்களும் மூடப்பட்டபோது, ஜூம், டீம்ஸ் முதலியவை விசேஷ அனுமதியாகத் திறந்துவிடப்பட்டன. கட்டமைப்பு அந்தப் பளுவைத் தாங்கிற்று. தடைக்குக் காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை என்பது அத்துடன் ஐயமின்றித் தெரிந்துவிட்டது.

அதற்குப் பின் நிலைமை ஓரளவு தளர்ந்திருப்பதையும் சொல்ல வேண்டும். அங்கீகாரம் பெற்ற செயலிகள் பல வந்துவிட்டன. எதிசலாத்தே 2022-இல் கோசாட் என்ற தன் சொந்தச் செயலியைக் கட்டணமின்றி வழங்கியது. அப்படியானால் குறை என்ன என்று கேட்பவர்களுக்கு ரோல்ஃப்ஸின் கட்டுரைதான் பதில். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் உள்ள எழுபது வயதுத் தாயாரின் கைப்பேசியில் பேரன் போட்டுக் கொடுத்தது வாட்ஸ்அப். பச்சை நிறத்தைத் தொட்டால் மகன் பேசுவான் என்பதே அவர் கற்றுக்கொண்டது. மகன் வேலைபார்க்கும் தேசத்தின் உரிம விதிக்காக அவர் புதிதாக ஒரு செயலியை இறக்கி, கடவுச்சொல் பெற்று, அதைப் பயன்படுத்தக் கற்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் ஏற்கெனவே கூடியிருக்கும் இடத்தில்தான் வலைப்பின்னலின் மதிப்பு இருக்கிறது. அந்த இடத்தை அடைத்துவிட்டு வேறிடத்தில் இலவசமாகத் திறந்துவைப்பதன் செலவு எந்த ஸ்தாபனத்தின் கணக்கிலும் வருவதில்லை, கிராமத்துத் தாயாரின் கணக்கில் வருகிறது.

அண்டை தேசமாகிய சவூதி அரேபியா 2017 செப்டம்பர் 21-ஆம் தேதி இணைய அழைப்புகளுக்கு இருந்த தடையை நீக்கியது. வியாபாரங்களின் செலவு குறையும், புதிய தொழில்கள் வளரும் என்பதே அந்நாட்டு அரசாங்கம் சொன்ன காரணம். அங்கேயும் தொலைபேசி ஸ்தாபனங்களில் அரசாங்கத்துக்குப் பங்கு உண்டு. அங்கேயும் லட்சக்கணக்கான அயல்நாட்டுத் தொழிலாளர்கள் உண்டு. எதிசலாத் முதன்மைப் பங்கு வகித்த மொபிலி என்ற ஸ்தாபனம் அங்கே உரிமத்துக்காக 1,200 கோடி ரியாலுக்கு மேல் கொடுத்திருந்தது. அப்படியிருந்தும் அந்தத் தேசம் குரலை விற்பதிலிருந்து இணையத்தை விற்பதற்கு மாறத் துணிந்தது. பேசும் நிமிஷம் இலவசமானால் இணையக் கொள்ளளவின் கிராக்கி உயரும். வருமானம் ஒரு வாசலில் குறைந்து மற்றொரு வாசலில் வரும். எந்த வாசலில் வாங்குவது என்பதில் ஏழைக்கும் ஒரு நலன் இருக்கிறது: இணையத்தை வாங்கினால் பேசலாம், படிக்கலாம், பணம் அனுப்பலாம்; தனியே விற்கப்படும் நிமிஷத்தால் பேச மட்டுமே முடியும்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். வீடுதோறும் கண்ணாடியிழை கொண்டு சென்றதில் அமீரகம் உலகப் பட்டியலில் பல வருஷங்கள் முதலிடத்தில் இருந்து வருகிறது. 2011-இல் அபுதாபி நகரம் முழுவதையும் அத்தகைய இணைப்பால் பிணைத்துவிட்டதாக எதிசலாத் அறிவித்தது. பாலைவனத்தில் இதற்கான மூலதனம் லாபமின்றி வந்திராது என்பது மெய். ஆனால் லாபம் முழுவதும் பூமிக்கடியில் இழையாகப் பதியவில்லை. 2005-இல் பாகிஸ்தானின் தேசியத் தொலைபேசி ஸ்தாபனத்தில் 26 சதவீதப் பங்குக்கு எதிசலாத் ஒப்புக்கொண்ட விலை 260 கோடி டாலர். 2008-இல் இந்தியாவில் ஸ்வான் டெலிகாமின் ஏறக்குறைய 45 சதவீதப் பங்குக்கு 90 கோடி டாலர் கொடுத்தது. நமது உச்சநீதிமன்றம் 2012 பிப்ரவரி 2-ஆம் தேதி 122 தொலைபேசி உரிமங்களை ரத்து செய்தபோது அந்த முதலீடு கைவிட்டுப் போயிற்று. தமிழ்நாட்டுத் தொழிலாளி ஊருக்குப் பேசிக் கொடுத்த திர்ஹாம்களில் ஏதோ ஒரு பகுதி, அவன் பிறந்த தேசத்தின் அலைக்கற்றை விவகாரத்தில் வந்து கரைந்தது என்பதை எண்ணும்போது மனம் சற்று கலங்கத்தான் செய்கிறது.

நம் பக்கத்திலும் கைகள் முழுச் சுத்தம் என்று சொல்வதற்கில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வோர் அழைப்பையும் நம் எல்லையில் வாங்கிச் சேர்ப்பிப்பதற்கு நமது ஸ்தாபனங்கள் ஒரு கட்டணம் வசூலிக்கின்றன. 2002 மார்ச் வரை வெளிநாட்டு அழைப்புகளில் தனியுரிமை பெற்றிருந்த விதேஷ் சஞ்சார் நிகாம், அயல்நாடு வாழ் இந்தியரின் ஏக்கத்திலிருந்து தேசத்துக்கு அந்நியச் செலாவணி ஈட்டியது. பிற்பாடு அந்தக் கட்டணத்தை நிர்ணயித்த இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், நிமிஷத்துக்கு 40 பைசாவாக இருந்ததை 2015-இல் 53 பைசாவாக உயர்த்தி, 2018 பிப்ரவரியிலிருந்து 30 பைசாவாகத் தாழ்த்தியது. உயர்ந்த விலைக்கும் அசல் செலவுக்கும் இடையே எவ்வளவு அகலம் இருக்கிறதோ அவ்வளவு இடத்தில் கள்ளத்தொழில் முளைக்கும்: இணையத்தில் வரும் அழைப்பை நூற்றுக்கணக்கான சிம் அட்டைகள் செருகிய பெட்டியின் வழியாக உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் திருட்டு நிலையங்கள் 2021-இல் பெங்களூரிலும் கோழிக்கோட்டிலும் பிடிபட்டன. வளைகுடாவிலிருந்து வந்த அழைப்பில் கைப்பேசித் திரையில் உள்ளூர் எண் ஒன்று தோன்றுவதை நம் வீடுகளில் பார்க்காதவர் சிலரே.

இந்த விஷயத்தின் மையமான கோணலைத் தொலைபேசிப் பொருளாதாரமே எடுத்துக் காட்டுகிறது. அழைப்பின் பயன் அழைத்தவருக்கு மட்டும் சேர்வதில்லை, கேட்டவருக்கும் சேர்கிறது. கட்டணத்தை ஒருவரே செலுத்துவதால், கேட்பவரின் பயன் எந்தச் சந்தையிலும் பதிவாகாமல் நின்றுவிடுகிறது. ஒரே தேசத்துக்குள் இரண்டு பேரும் இருந்தால், அந்தப் பயனை எண்ணிப்பார்த்து விலையைத் தாழ்த்தும்படி ஓர் ஆணையம் சொல்ல முடியும். அபுதாபி ஆணையத்தின் அதிகாரமோ அமீரகத்தின் கரையோடு முடிகிறது. காயல்பட்டினத்தில் தகப்பனின் குரலைக் கேட்கிற குழந்தை அதன் பரிபாலனத்துக்குள் வரவில்லை. புதுதில்லியின் ஆணையம் உள்ளே வரும் நிமிஷத்துக்குப் பைசா நிர்ணயிக்கிறது. புறப்படும் இடத்தின் விலையில் அதற்குப் பேச்சில்லை. பாதிப் பயனை ஒருவரும், மறுபாதியை மற்றொருவரும் பார்க்க, முழு அழைப்பையும் பார்க்கிற ஸ்தானம் எங்குமே இல்லை.

இதே இரண்டு தேசங்கள் பணத்தின் விஷயத்தில் இப்படி விட்டுவிடவில்லை. அயல்நாட்டுத் தொழிலாளர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தின்மேல் விழும் செலவை 2030-க்குள் நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை இலக்கு வகுத்திருக்கிறது. இந்தியாவும் அமீரகமும் 2022 மே மாதம் தொடங்கி ஒரு விரிவான பொருளாதார ஒப்பந்தத்தின்கீழ் வியாபாரம் செய்கின்றன. இரு தேசங்களின் உடனடிப் பணப்பரிவர்த்தனை முறைகளைப் பிணைக்கவும் உடன்படிக்கை செய்துகொண்டிருக்கின்றன. பணத்தைக் கடத்தும் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று உலகம் ஒப்புக்கொண்டபின், குரலுக்கு அதுபோன்ற வரம்பு ஏன் கூடாது? இந்தியா தன் எல்லைக் கட்டணத்தை வளைகுடாவிலிருந்து வரும் அழைப்புகளுக்கு மட்டுமாவது அசல் செலவளவுக்குத் தாழ்த்த முன்வரலாம். அதற்கு ஈடாக, தொழிலாளர் குடியிருப்புகளில் வாட்ஸ்அப் உள்ளிட்ட எந்தச் செயலியிலும் பேசுவதற்குத் தடையில்லை என்ற ஒரேயொரு விலக்கையாவது அமீரகத்திடம் கேட்கலாம். சோனாப்பூரிலும் அல்கூஸிலும் முஸஃபாவிலும் உள்ள அந்தக் குடியிருப்புகளில் இருப்போர் உயர்ந்த கட்டணத்துக்கு நிமிஷம் வாங்கும் வாடிக்கையாளர்கள் இல்லை. அவர்களுக்கு வழிவிடுவதால் ஸ்தாபனங்கள் இழக்கும் வருமானம் அவற்றின் மொத்தத்தில் சிறு பகுதியாகத்தான் இருக்க முடியும். இரு அரசாங்கங்களின் பிரதிநிதிகள் அடுத்தமுறை கூடும்போது மேசைமேல் வைக்கப்படும் விஷயங்களின் பட்டியலில் எண்ணெய் இருக்கும், தங்கம் இருக்கும், விமான இருக்கைகளின் எண்ணிக்கை இருக்கும். அவற்றோடு இதையும் ஒரு வரியாகச் சேர்க்கும்படி நமது நாடாளுமன்ற உறுப்பினர்கள், முக்கியமாக ராமநாதபுரம், நாகப்பட்டினம், தூத்துக்குடி, சிதம்பரம் தொகுதிகளின் பிரதிநிதிகள், வெளியுறவு அமைச்சரகத்துக்கு இப்போதே எழுத வேண்டும்.